தென்புறத்து வரலாறு – 19: ராஜாஜி எதிர்த்த ஊசி

சென்ற அத்தியாயத்தை எல்லிஸ் துரையோடு நிறுத்தியிருந்தோம். சென்னைக் கலெக்டராக இருந்த அவர், அம்மை குத்திக்கொள்ள மறுத்த மக்களை இணங்கவைக்க, சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாக ஓர் உரையாடலைத் தமிழில் எழுதிப் பார்த்தார். தெய்வத்தின் வாயால் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. அங்கிருந்து நேராக 1955-க்கு வருகிறோம். இந்த முறை ஊசி வேண்டாம் என்றவர் படிப்பறியாத கிராமத்து மனிதர் அல்லர். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், முந்தைய ஆண்டு வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தவர், பாரத ரத்னா பட்டத்தை முதன்முதலில் பெற்ற மூவரில் ஒருவர். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாருக்கு அப்போது வயது 76.

அவர் எதிர்த்தது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை. இந்தக் கதையின் முக்கியமான இடங்கள் பலவும் கோவிலம்பாக்கத்துக்காரர்களுக்குப் பக்கத்தூர்கள். தென்மேற்கே தாம்பரம் சானடோரியம். வடக்கே, அந்த மருந்தைத் தயாரித்த கிண்டி. நகருக்குள் சேத்துப்பட்டு. சண்டையின் தீர்ப்பு எழுதப்பட்ட திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அன்றைக்கு நம்மைப் போலவே செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. கோவிலம்பாக்கம் அந்நாளில் ஏரியும் வயலும் கொண்ட சின்ன ஊர். இருநூறடிச் சாலை யார் கனவிலும் இல்லை.

முதலில் சானடோரியத்தைப் பார்த்துவிடுவோம். மின்சார ரயிலில் போகிறவர்கள் அந்தப் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்த ஆஸ்பத்திரியை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரி முத்து. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பெயர் எடுத்தவர். 1914-இல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன அதே கப்பலில் இவரும் போனார். சில ஆண்டுகளில் ராமானுஜன் நோயாளியாகி, மெண்டிப் குன்றுகளில் சவுரி முத்து நடத்திய சானடோரியத்திலேயே சேர நேர்ந்தது. தாயகம் திரும்பிய சவுரி முத்து, நகரத்தின் புகையும் நெரிசலும் எட்டாத இடம் என்று தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு: அன்றைய வைத்தியம் இவ்வளவுதான். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவியேற்றார்.

நல்ல காற்றைச் சுவாசிக்க இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? 1946-இல் போர் (Bhore) சுகாதாரக் கமிட்டி தந்த கணக்கைப் படித்தால் மனம் கனக்கும். நாட்டில் ஏறக்குறைய 25 லட்சம் காசநோயாளிகள். ஆண்டுக்கு 5 லட்சம் சாவு. இத்தனைக்கும் இருந்த படுக்கைகள் சுமார் 6,000. எலும்புருக்கி வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையில் படுக்கை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அப்போதுதான் உலகத்தின் கண்ணில் பட்டிருந்தது, நம் ஏழைகளின் கைக்கு அது எட்டவில்லை. அந்த நிலையில் ஒரே ஒரு ஊசி போதும், செலவு மிகக் குறைவு என்று யாராவது சொன்னால் எந்த அரசும் அதைப் பற்றிக்கொள்ளத்தான் செய்யும்.

அப்படிச் சொல்லப்பட்ட ஊசிதான் பி.சி.ஜி. ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை 1908 முதல் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, 230 தலைமுறை கடத்தி, அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921-இல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் நோய் தரும் வலு இருக்காது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பெரும் துயரம் நடந்தது. அந்த மருந்து புகட்டப்பட்ட பச்சிளங்குழந்தைகளில் 70-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பழி பி.சி.ஜி. மேல் இல்லை என்று தீர்ந்தபிறகும், அந்தப் பெயரைக் கேட்டால் மனிதர்களுக்கு ஓர் அச்சம் இருந்துகொண்டே இருந்தது. அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தியாவில் 1948 ஆகஸ்டில் மதனப்பள்ளியில் பி.சி.ஜி. போடத் தொடங்கினார்கள். அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மருந்து தயாரிக்கக் கிண்டியில், கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில், அதே ஆண்டு ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. அம்மைப் பால் தயாரித்த வளாகத்திலேயே காசநோய் ஊசி மருந்தும் தயாரானது. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஸ்காண்டிநேவிய நாடுகளின் செஞ்சிலுவைச் சங்கங்கள் எல்லாம் கைகொடுத்தன. 1951 முதல் அது தேசம் தழுவிய இயக்கமாயிற்று. பரிசோதகர் குழு ஊருக்கு வரும், பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும், முன்கையில் டியூபர்குலின் சோதனை ஊசி போடும். மூன்று நாள் கழித்து மறுபடி வந்து கையைத் தடவிப் பார்க்கும். தடிப்பு இல்லாத பிள்ளைக்குத் தோளில் பி.சி.ஜி. இப்படிக் கோடிக்கணக்கானவர்கள் சோதிக்கப்பட்டார்கள். வேகம்தான் அந்த இயக்கத்தின் பெருமை. பிற்பாடு வந்த சண்டையும் அந்த வேகத்தின் மேல்தான்.

சென்னையில் எதிர்ப்புக் குரல் ராஜாஜியோடு தொடங்கவில்லை. சுகாதாரப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஏ.வி. ராமன் 1940-களின் இறுதியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். சாக்கடையும் குடிநீரும் சீராக்குவதில் வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். நோய் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அவருக்கென்று திடமான எண்ணம் இருந்தது. அவர் எழுதியதை வாசித்தவர்கள் சிலரே. 1955-இல் ராஜாஜி அதைக் கையில் எடுத்ததும் நிலைமை மாறிவிட்டது. கூட்டங்களில் பேசினார், பத்திரிகைகளில் எழுதினார், பிறகு பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

அவர் சொன்னவற்றை இன்றைக்குச் சிலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல, அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். உயிருள்ள கிருமியை, நோயில்லாத கோடிப் பிள்ளைகளின் உடலில் செலுத்துகிறீர்கள். இது நோயைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று எங்கே? பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திக் குத்துகிறீர்கள், பெற்றோரைக் கேட்டீர்களா? காசநோய் பட்டினியோடும் இருட்டறையோடும் பிறந்த நோய். அந்தப் பணத்தை உணவுக்கும் வீட்டுக்கும் செலவிட்டால் என்ன? இவற்றோடு, அந்த ஊசி பிள்ளைகளின் உடல்நலத்துக்கே கேடு என்றும் அவர் வாதித்தார்.

மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்துக்கு ஆதரவாக நின்றார். அரசின் காசநோய் ஆலோசகர் பி.வி. பெஞ்சமினும் நிபுணர்களும் ராஜாஜிக்குப் பதில் சொன்னார்கள். ஆனால் பதில் சொன்ன விதம் எனக்கு உறுத்துகிறது. உலக நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட ஊசி, ஆகவே சந்தேகம் தேவையில்லை என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் தொனி. உண்மையில் 1955-இல் கையில் இருந்த சான்று அவ்வளவு திடமானதல்ல. பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முதல் அறிக்கையே 1956-இல்தான் வந்தது. அதில் ஊசி மிக நன்றாகக் காத்தது. ஆனால் அது குளிர்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கணக்கு. நம் வெயிலில், நம் மண்ணில், நம் வறுமையில் என்ன செய்யும் என்று யாரும் முறையாகச் சோதித்து முடித்திருக்கவில்லை. ராஜாஜியின் முதல் கேள்வி நியாயமான கேள்வி.

சென்னை ராஜ்யத்தில் அவர் பேச்சு இயக்கத்தைப் பாதித்தது. ராஜாஜியே வேண்டாம் என்கிறார் என்ற ஒரு சொல் போதாதா, தயங்கிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு? ஊசி வலிக்கும், புண் வரும், சீழ் கட்டும், மாதக்கணக்கில் ஆறாது. இதெல்லாம் தாய்மார் கண்ணால் கண்டவை. அதற்கு ஒரு பெரிய மனிதரின் வாக்கும் துணைக்கு வந்தால் பிள்ளையை மறைத்து வைக்கத்தானே செய்வார்கள்.

இந்தச் சண்டை ஓயுமுன்பே சேத்துப்பட்டில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து நடத்திய மையம். தலைமை வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கல் முறையில் பாதிப்பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப்பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடிசைகளில், குறைந்த சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தவர்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை.

உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தைத் திருப்பிப் போட்ட ஆய்வு இது. ராமானுஜன் 1920-இல் கண்மூடியதும் இதே சேத்துப்பட்டில்தான். மலைக்காற்றும் பண்ணைப் பாலும் தேடி அலைய வசதியில்லாதவர்களும் பிழைக்கலாம் என்பதை நிரூபித்தவர்கள் சென்னையின் கூலித் தொழிலாளிகள். அவர்கள் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தத் தொடரில் நான் எழுதிய எத்தனையோ பெரிய மனிதர்களைவிட அந்த 193 பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

சரி, பி.சி.ஜி. கேள்வி? அதற்குப் பதில் தேட 1968-இல் ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. மருத்துவ உலகில் இன்றும் அதன் பெயர் செங்கல்பட்டு ஆய்வு. சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் வட்டாரத்தில் 200-க்கு மேற்பட்ட கிராமங்களில், ஏறக்குறைய 3,60,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை யாருக்கும் விலக்கில்லை. பாரிஸ் வகை, கோபன்ஹேகன் வகை என இரண்டு விதப் பி.சி.ஜி., இரண்டு அளவுகளில். ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. 1971 வரை ஊசி போட்டார்கள். பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. ஏற்றமும் தாழ்வும் இல்லாமல் ஊர் முழுவதையும், சேரி உட்பட, ஒரே கணக்கில் சேர்த்த வேலை அது.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. ஊசி போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்ததில் வித்தியாசம் இல்லை. பெரியவர்களைப் பீடிக்கும், பிறருக்குப் பரவும் அந்த நோயைப் பி.சி.ஜி. இங்கே தடுக்கவே இல்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999-இல் வெளியிட்ட இறுதிக் கணக்கும் அதையே உறுதி செய்தது. பிரிட்டனில் காத்த ஊசி இங்கே ஏன் காக்கவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவினங்கள் சிறு வயதிலேயே நம் உடலுக்குப் பழக்கமாகிவிடுகின்றன, அதனால் ஊசி புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லை என்பது அவற்றில் முக்கியமானது.

1955-இல் போதிய சான்று இல்லை என்று அந்தப் பெரியவர் சொன்னது சரிதான் என்று ஒரு விதத்தில் நிரூபணமாகிவிட்டது. அவர் அதைக் காண இல்லை. 1972 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். ஊசிகளை எதிர்க்கிறவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நான் மூடமாட்டேன், ஏனென்றால் இதற்கு அடுத்த பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

காசநோய்க் கிருமி பச்சைக் குழந்தையைப் பிடித்தால் நுரையீரலோடு நிற்காது. ரத்தத்தில் பரவி உடல் முழுக்க விதைபோல் சிதறும், மூளைச் சவ்வுக்குள் போகும். குழந்தைக்கு வாந்தி, சுருண்டு படுத்தல், வலிப்பு, பிறகு நினைவிழப்பு. பிழைத்தாலும் கண்ணோ காதோ அறிவோ போய்விடலாம். இந்த வகை நோயைப் பிறந்த உடனே போடும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மருத்துவர்கள் வந்த முடிவு இது. செங்கல்பட்டு ஆய்வு எல்லா வயதினரையும் சேர்த்தது, பெரியவர்களின் நுரையீரல் நோயையே அளந்தது. மூளைக் காசநோயைப் பற்றிச் சொல்ல அது ஏற்பட்டதே அல்ல. ஆகவேதான் 1985-இல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் வந்தபோதும் பி.சி.ஜி. அட்டையின் முதல் வரியில் நின்றது. பிறந்த குழந்தைக்கு, பள்ளிக்கூட வரிசைக்கு அல்ல. கேடு என்று ராஜாஜி சொன்ன நான்காவது வாதம் தோற்றது. சான்று கேட்ட முதல் வாதம் வென்றது. ஒரே மனிதரிடம், ஒரே நூலில் இரண்டும் இருந்தன.

அவரை நான் மதிப்பதற்குக் காரணம் இன்னொன்று. அவர் தம் பெயரைப் போட்டு எழுதினார். மறுக்க விரும்பியவர் மறுக்க முடிந்தது. மறுத்தார்கள், திரும்ப எழுதினார். கடைசியில் அந்தக் கேள்வி ஒரு மாவட்டத்தின் மூன்றரை லட்சம் பேரைத் தொட்டு, முப்பது ஆண்டு உழைப்பில் பதில் பெற்றது. பதில் தனக்குச் சாதகமாக இல்லாதபோதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதை மறைக்காமல் அச்சிட்டது. இந்த நேர்மையைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்கள் ஒரு பத்தியாவது எழுத வேண்டும்.

இனி 2008. அந்த ஆண்டு ஜனவரியில், தரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இல்லை என்று கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் மூன்றின் தயாரிப்பு உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. நாட்டுக்கு மலிவு விலையில் மருந்து கொடுத்துவந்த பொதுத்துறைக் கூடங்கள் ஒரே நாளில் முடங்கின. 2010-இல்தான் உரிமம் திரும்பியது. அதே 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. செங்கல்பட்டு ஆய்வு நடந்த அதே வட்டாரம். அந்தத் தாய்மாரின் துக்கத்துக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதிலாகாது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே அழுத்தமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். கிராமத்துக்கே வந்து அங்கன்வாடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்சம்மாவின் வேலையை அரசு நிறுத்தியது. இனி மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே ஊசி என்று முடிவாயிற்று. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெண், ஒரு நாள் கூலியை விட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏறி, வரிசையில் நின்று திரும்ப வேண்டியதாயிற்று. இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்காக வட மாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு மேடவாக்கம் சுகாதார நிலையம் எங்கே என்றே தெரியாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்குப்படி, முழுமையாகத் தடுப்பூசி போடப்பட்ட ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06-இல் 80.9 சதவீதம். 2015-16-இல் அது 69.7 ஆகச் சரிந்தது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கிய மாநிலத்தில் பத்துக்கு மூன்று குழந்தைகள் விட்டுப்போயின. இந்தச் சரிவுக்கு வதந்தியை மட்டும் குற்றம் சொல்வது எளிது. வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர் வராமல் போனதும் அதற்குக் காரணம்.

இந்த நிலையில்தான் 2017 பிப்ரவரி வந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் இலக்கு சுமார் 1.76 கோடிப் பிள்ளைகள். வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவுகள் பறந்தன. வெளிநாட்டுச் சதி, மலட்டுத்தன்மை வரும், ஆட்டிசம் வரும், எந்தப் பள்ளியிலோ பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். யார் பேசியது என்று தெரியாது, மறுத்து எழுத முகவரி கிடையாது. ஆட்டிசம் கதைக்கு மூலமான ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதையெல்லாம் அந்தக் குரல் பதிவு சொல்லவில்லை.

ஆனால் பள்ளிக்கூட வாசலில் தாய்மார் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை சதியைப் பற்றியவை அல்ல. “எல்லா ஊசியும் போட்டாச்சே சிஸ்டர், அட்டை கூட வச்சிருக்கேன். அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?” இது அறிவுள்ள கேள்வி. “முன்னாடி போட்டது தட்டம்மைக்குத்தாம்மா, இதுல ரூபெல்லாவும் சேர்ந்திருக்கு. பொண்ணு நாளைக்கு உண்டாகும்போது ரூபெல்லா வந்துச்சுன்னா வயித்துல இருக்கிற குழந்தைக்குக் கண்ணு போயிடும்” என்று யாராவது உட்கார்ந்து சொன்ன இடங்களில் கையெழுத்துக் கிடைத்தது. பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பல ஆண்டுகளாகப் பார்த்து, ரூபெல்லாவின் தடத்தைப் பதிவு செய்திருந்தது. அந்தச் செய்தி வாட்ஸ்ஆப்புக்கு முன்பே வீடுகளுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிப்ரவரி கடைசியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்குள் நீண்டது. ஆசிரியர்களும் செவிலியர்களும் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் அதைக் கரைசேர்த்தார்கள்.

தட்டம்மையைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மணல்வாரி வந்தால் வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகவும் ஆயிற்று. ஆகாதவர்கள் அதைச் சொல்ல இன்று இல்லை. தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடிய நோய் அது. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் தொடர்ந்து வரும், சத்துக் குறைந்த பிள்ளையின் பார்வை போகும். முன்பு வந்த மற்ற நோய்களைப் பற்றி உடல் கற்றுவைத்த எதிர்ப்புச் சக்தியையே இது அழித்துவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே தட்டம்மை போன பிறகும் அந்தப் பிள்ளை நெடுநாள் நோஞ்சானாகவே இருக்கும். இதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு இரண்டு தவணை வேண்டும். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் இந்த எண்ணிக்கை குறைந்த சந்துகளில் தட்டம்மை புகுந்து பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 2025-இல் பணத்துக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லாத அமெரிக்காவின் டெக்சாஸில் ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பக்கத்து மலப்புரத்தில் 2015-16-இல் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தது. நம் தலைமுறை மருத்துவர்களில் பலர் அதுவரை அந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

தமிழ்நாட்டின் கணக்கு 2019-21 ஆய்வில் 89.2 சதவீதமாக ஏறிவிட்டது. விட்டுப்போனவர்களைத் தேடிப் போனதுதான் இதற்கு முதல் காரணம் என்பது என் எண்ணம். ஆனால் இந்தச் சதவீதம் மாநிலத்துக்கானது. சென்னையின் தென் விளிம்பில் மாதம் ஒரு அடுக்ககம் முளைக்கிறது, மாதம் ஒரு தொழிலாளர் கொட்டகை இடம் மாறுகிறது. ஊராட்சிப் பதிவேட்டில் பெயரே இல்லாத குழந்தை எந்தச் சதவீதத்திலும் சேராது. அடுக்ககத்துத் தாய் சந்தேகத்தால் தள்ளிப்போடுகிறாள், கொட்டகைத் தாய் வழி தெரியாமல் விடுகிறாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பூங்காவில் இருமுகின்றன.

ராஜாஜியின் மூன்றாவது வாதம் மிச்சமிருக்கிறது: உணவு. ஊசிக்குப் பதிலாகச் சோறு என்று அவர் சொன்னதை அன்றைய நிபுணர்கள் பழைய மனிதரின் பேச்சாகத் தள்ளினார்கள். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தார் 10,000-க்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்துமாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவும் நுரையீரல் வகை 48 சதவீதம் குறைந்தது. ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வாலஸ் ஃபாக்ஸ் மாத்திரையோடு நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிய அதே இடம். பருப்பு வந்தால் ஊசி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறந்த குழந்தையின் மூளையைக் காக்க ஊசியும் வேண்டும், அதன் தகப்பனின் நுரையீரலைக் காக்கச் சோறும் வேண்டும். 1955-இல் இரண்டு தரப்பும் இதில் ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றன.

இந்த அத்தியாயத்தை எழுதும் இவ்வேளையிலும் பி.சி.ஜி. கதை முடியவில்லை. பெரியவர்களுக்கு மறுபடி பி.சி.ஜி. போட்டால் காசநோய் குறையுமா என்று அறிய 2024-இல் மத்திய அரசு பல மாநிலங்களில் புதிய ஆய்வைத் தொடங்கியது. அறுபது வயது கடந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், மெலிந்தவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எனப் பட்டியல். செங்கல்பட்டு ஆய்வு இல்லை என்று சொன்ன பிறகும் ஏன் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஒரு முறை காத்தது தேய்ந்துபோன பிறகு மறுதவணை உதவுமா என்பது அப்போது சோதிக்கப்படாத கேள்வி என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்த முறை பள்ளிக்கூட வரிசை இல்லை. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்ந்தார்கள், ஒப்புதல் கொடுத்த பிறகே ஊசி.

(தொடரும். அடுத்த அத்தியாயம்: 2021 ஏப்ரல், நடிகர் விவேக்கின் மரணத்துக்குப் பிறகான வாரங்கள்.)